முதலில் ‘பின்பு’, பிறகு ‘முன்பு’

நல்லேரிப்பாக்கம் துலுக்காணம் அரசாங்கத்திடம் கேட்டது ஒரே ஒரு சிமெண்டுக் குழாய். அரசாங்கம் அவருக்கு ஒரு சினிமாவே எடுத்துக் கொடுத்தது. கேட்டதற்கு மேலேயே கொடுத்த கையை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்பதால், நடந்தது நடந்தபடியே இங்கே சொல்லப்படுகிறது.

கும்மிடிப்பூண்டி ரயிலடிக்கு மேற்கே மூன்று மைலில் இருக்கிறது நல்லேரிப்பாக்கம். எழுபத்தொன்றாம் வருஷம் தொழிற்பேட்டைக்கென்று ஊருக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு சாலை போட்டார்கள். நல்ல சாலை. ஆள் உயரத்துக்கு மண் கொட்டி, உருளை ஓட்டி, தார் ஊற்றி, எந்த வெள்ளம் வந்தாலும் அசையாதபடி போட்டார்கள். அதில்தான் சங்கடமே வந்தது. அதுவரை மழைத் தண்ணீர் தெரு வழியாக வந்து, வயலைத் தாண்டி, தன்பாட்டுக்குக் கிழக்கே போய் ஏரியில் விழுந்துகொண்டிருந்தது. சாலை வந்ததும் தண்ணீர் அதில் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. ஐப்பசி மாதம் அந்தச் சாலை மேல் ஏறி நின்றால், இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீரில் தெருவும், அந்தப் பக்கம் வெடித்துப்போன ஏரியில் மேய்கிற ஆடும் ஒரே பார்வையில் தெரியும். எஞ்சினியர்கள் பலர் ஏறி நின்று பார்த்திருக்கிறார்கள். காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கிறார்கள்.

துலுக்காணத்துக்குச் சாலையோரம் ஒரு காணி நிலம். மூன்று ஐப்பசியில் மூன்று சம்பாவும் அழுகிப் போயிற்று. நாலாவதும் போனால் நிலத்தைக் கம்பெனிக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தக் கம்பெனி வாசலிலேயே காக்கி நிஜார் போட்டுக்கொண்டு வருகிற போகிற காருக்கெல்லாம் சலாம் வைக்கவேண்டியதுதான் என்று அவர் மனைவி கங்கம்மாள் சொல்லியிருந்தாள். துலுக்காணத்துக்குச் சலாம் வைப்பதில்கூட ஆட்சேபம் இல்லை. தன் குச்சிக் காலுக்கு நிஜாரா என்பதை நினைத்தால்தான் அவருக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆகவே எழுபத்துநாலாம் வருஷம் ஆடி மாதத்தில் அவர் மனு எழுதிக்கொண்டு திருவள்ளூர் போனார். நல்லேரிப்பாக்கத்திலிருந்து திருவள்ளூருக்கு நேர்வழி கிடையாது. ரயிலேறிப் பட்டணம் போய், அங்கே வேறு ரயில் மாறி, ஆவடியையும் செவ்வாப்பேட்டையையும் ஜன்னல் வழியாக விசாரித்துக்கொண்டு போய்ச் சேரவேண்டும். அங்கேதான் ‘நீடித்த நகர வளர்ச்சி ஊக்குவிப்பு வாரியம்’ இருந்தது. நகரங்கள் கண்டபடி வளரக் கூடாது, நூறு வருஷம் தாங்குகிற மாதிரி மரம், ஏரி, வாய்க்காலோடு வளரவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வாரியம். அதன் சிறப்பு அலுவலர் துளசிராமன். நல்ல மனிதர். அவர் மேஜை மேல் ஒரு மாதிரி நகரம் இருந்தது. அட்டையில் வீடுகள், பஞ்சில் மரங்கள், நீலக் கண்ணாடியில் ஓர் ஏரி. அந்த ஏரியில் அவர் பேனாவை வைப்பது வழக்கம்.

மனுவை அவர் இரண்டு தரம் படித்தார்.

“குழாயா? நாங்க குழாயெல்லாம் போடறதில்லையேப்பா.”

“வாரியம்னு சொன்னாங்க சார்.”

“ஊக்குவிப்பு வாரியம். கட்டறது எங்க வேலை இல்லை. கட்டணும்கிற எண்ணத்தை ஜனங்க மனசுல உண்டாக்கறது எங்க வேலை.”

“அந்த எண்ணம் எனுக்கு மூணு வருசமா கீது சார்” என்றார் துலுக்காணம்.

துளசிராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாம் ஊக்குவிக்காமலே ஒரு குடிமகன் ஊக்கம் அடைந்து வந்து நிற்பதை அவர் அதுவரை கண்டதில்லை. ஊர் எங்கே, தண்ணீர் எப்படி நிற்கிறது, ஏரி எந்தப் பக்கம் என்றெல்லாம் விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க அவர் முகம் மலர்ந்தது.

“ஒரு பக்கம் வெள்ளம், ஒரு பக்கம் வறட்சி, நடுவுல ரோடு! ஒரே ஷாட்டுல வருமே! இதைத்தானேய்யா நாங்க ஒரு வருஷமா தேடறோம்” என்று மேஜையைத் தட்டினார். அட்டை வீடு ஒன்று சாய்ந்தது.

அதற்குப் பத்து நாள் கழித்து நல்லேரிப்பாக்கத்துக்கு ஒரு வேன் வந்தது. டாக்குமெண்டரிப் படம் எடுக்கிறவர்களாம். டைரக்டர் பெயர் மணவாளன், பட்டணத்துக்காரர். கழுத்தில் துண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. சோழவரத்தில் கார்ப் பந்தயத்தைப் படம் பிடித்த கேமராவைத்தான் கொண்டுவந்திருந்தார். அங்கே கண் மூடித் திறப்பதற்குள் ஓடுகிற காரைப் பிடித்த கேமரா, இங்கே மூன்று வருஷமாக நகராத தண்ணீரைப் பிடிக்க வந்திருந்தது.

“படம் இருபது நிமிஷம். பேரு ‘நூறாண்டு நகரம்’. ரெண்டே பாகம்தான், ‘முன்பு’, ‘பின்பு’. முன்புல ஊர் சீரழிஞ்சு கிடக்கும். பின்புல குழாய் வந்து, தண்ணி ஓடி, ஏரி ரொம்பி, எல்லாரும் சிரிப்பீங்க. இதைப் பார்த்து மத்த ஊரெல்லாம் திருந்தும்” என்று அவர் ஊரைக் கூட்டி வைத்து விளக்கினார்.

“குழாய் நெசமாவே வருமா சார்?” என்று துலுக்காணம் கேட்டார்.

“வராம எப்படி எடுக்கிறது? செட் போட்டுத்தானே ஆகணும்!”

கட்டுவதற்கு வாரியத்துக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் படத்துக்கு அரங்கம் அமைக்க அதிகாரம் உண்டு. ஆகவே அரங்க அமைப்பு என்ற தலைப்பில், மூன்று வருஷமாக யாராலும் வெட்ட முடியாத சாலையை மூன்றே நாளில் வெட்டி, ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு அசல் சிமெண்டுக் குழாயை இறக்கி, மண் மூடி, தாரும் பூசிவிட்டார்கள். துலுக்காணம் குழாய்க்குள் குனிந்து பார்த்தார். அந்தக் கோடியில் ஏரி தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தாம் மனுவாகக் கேட்டதை இவர்கள் செட்டாகப் போட்டுவிட்டார்களே என்று, அன்றைக்கே சம்பாவுக்கு நாற்று விட ஏற்பாடு செய்தார்.

முதலில் ‘பின்பு’ எடுப்பது என்று முடிவாயிற்று. வாரியத் தலைவர்தான் குழாயைத் திறந்து வைக்கவேண்டும். அவரோ ஆவணி கடைசியில் வெளிநாட்டு நகரங்களின் சாக்கடைகளைப் பார்வையிடப் போகிறார். அவர் போய்விட்டால் ‘பின்பு’ இல்லை. ‘முன்பு’க்குத் தலைவர் தேவையில்லை. அது அவர் இல்லாமலே நன்றாக நடக்கும்.

ஆவணியில் தண்ணீருக்கு எங்கே போவது? நாலு லாரியில் கொண்டுவந்து மேற்கே வயலில் கொட்டினார்கள். தலைவர் ரிப்பனை வெட்டினார். தண்ணீர் குழாய்க்குள் நுழைந்து கிழக்கே ஏரியில் விழுந்தது. அதுவரை எல்லாம் சரி. துலுக்காணம்தான் கேமராவைப் பார்த்துவிட்டார்.

“கட்! பெரியவரே, கேமராவைப் பார்க்கக் கூடாது. கேமரான்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு நினைச்சுக்கணும்” என்றார் மணவாளன்.

“இல்லன்னா அது இன்னாத்துக்கு சார் அங்க நிக்குது?”

“அதோ தூரத்துல பனைமரம் தெரியுது பாருங்க. அதைப் பார்த்துச் சிரிங்க.”

மறுபடி லாரி, மறுபடி ரிப்பன். இந்தத் தடவை துலுக்காணம் பனைமரத்தைப் பார்த்துச் சரியாகச் சிரித்தார். தலைவர் கேமராவைப் பார்த்துவிட்டார். அவரைக் ‘கட்’ சொல்ல முடியாதாகையால் படச்சுருள் தீர்ந்துபோனதாகச் சொல்லி மூன்றாம் முறை எடுத்தார்கள். மொத்தம் ஐந்து ரிப்பன். அன்று சாயங்காலமே திருவள்ளூரிலிருந்து ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது: ‘படப்பிடிப்பின்போது அலுவலர் எவரும் எக்காரணம் கொண்டும் கேமராவை நோக்குதல் கூடாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். அருகில் பனைமரம் இருப்பின் அதனை நோக்கலாம்.’

புரட்டாசி கடைசியில் வேன் மறுபடி வந்தது. ‘முன்பு’ எடுக்க வேண்டும். ஊரே குளித்து முழுகி வந்து நின்றது. கங்கம்மாள் கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். மணவாளன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அம்மா, இது முன்பு! நீங்க கஷ்டப்படணும். கிழிஞ்ச புடவை இல்லையா?”

“கீது சார். அத்த எவளாச்சும் படத்துக்குக் கட்டிக்கினு வருவாளா?”

எல்லாரும் வீட்டுக்குப் போய்க் கிழிசல்களை உடுத்திக்கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டுக் குப்பனிடம் ஒன்றுக்கு மூன்று கிழிந்த சட்டை இருந்ததால் அவருக்குத் திடீரென்று ஊரில் மரியாதை கூடிவிட்டது. தெரு வேறு சுத்தமாக இருந்தது. அதற்காகக் கும்மிடிப்பூண்டிச் சந்தையிலிருந்து இரண்டு வண்டிக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கடைசியாக மேஸ்திரி ஒருவர் செங்கல், சிமெண்டோடு குழாய்க்குள் குனிந்து போனார்.

“இன்னா சார் பண்றாரு?” என்று துலுக்காணம் பதறினார்.

“அடைக்கிறார். முன்புல குழாய் ஏது? தண்ணி நின்னாத்தானே எடுக்க முடியும்?”

“அய்யோ, நாத்து நட்டு ஒரு மாசம்கூட ஆவல சார்!”

“ரெண்டே நாள். எடுத்ததும் உடைச்சுடலாம்.”

மறுநாளே வானம் கறுத்து நிஜ மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் தெருவுக்கு வந்தது, குப்பை மிதந்தது, துலுக்காணத்தின் நடவு முங்கியது. மணவாளன் குடைக்குள் நின்று குதித்தார். இயற்கையே ஒத்துழைக்கிறது என்றார். துலுக்காணத்தை வயல் நடுவே நிறுத்தி, “முகத்துல துயரம் பத்தலை. உங்க பயிரெல்லாம் போயிட்டதா நினைச்சுக்குங்க” என்றார்.

“நெனச்சுக்க இன்னா சார் கீது? அதாஞ் சார் போய்க்கினு கீது” என்று துலுக்காணம் வாய்விட்டு அழுதார். அது மட்டும் ஒரே டேக்கில் ஓ.கே. ஆயிற்று.

‘முன்பு’ முடிந்தது. படம் முடிந்தது. வேன் சேற்றில் மாட்டிக்கொள்ள, ஊர்தான் தள்ளிவிட்டது. கேமராவின் முக்காலியும் சேற்றில் புதைந்து, ஒரு கால் மடங்க மாட்டேன் என்றது. வேனில் ஏற்ற முடியவில்லை. மணவாளன் ஒரு காகிதத்தில், ‘அரசாங்க முக்காலி ஒன்று. ஈரம் படாமல் பாதுகாக்கவும். ஆள் அனுப்பிப் பெற்றுக்கொள்ளப்படும்’ என்று எழுதி, துலுக்காணத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். முக்காலியைத் துடைத்து வீட்டுக்குள் சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். குழாயை உடைக்க மட்டும் யாரும் வரவில்லை. பதிலாக அதன் வாயில் ஒரு பலகை வந்தது: ‘இது படப்பிடிப்புச் சொத்து. சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்.’

குப்பன் கடப்பாறையோடு போனார். ரெண்டு இடி இடிப்பதற்குள் போலீஸ்காரர் வந்து, ஸ்டேஷன் வாசலில் பகல் முழுக்க உட்கார வைத்து அனுப்பினார். அதற்கப்புறம் கடப்பாறையைத் தொட ஊரில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

துலுக்காணம் மறுபடி பட்டணம் போய், ரயில் மாறி, செவ்வாப்பேட்டையைப் பார்த்துக்கொண்டு திருவள்ளூர் போனார்.

“அடைப்பா? எந்த அடைப்பு?” என்றார் துளசிராமன்.

“முன்பு எடுக்க அடைச்சாங்களே சார், அது.”

துளசிராமன் ஒரு பெரிய ஃபைலைப் புரட்டினார். “இதோ பாருங்க. முன்பு, குழாய் இல்லை. பின்பு, குழாய் இருக்கு, தண்ணி ஓடுது, நீங்க சிரிக்கிறீங்க. முன்பு முந்தியா, பின்பு முந்தியா?”

“முன்புதான் முந்தி சார். ஆனா அவுங்க பின்பை முதல்ல எடுத்தாங்க சார்.”

“எடுத்த வரிசை வேற, இருக்கிற வரிசை வேற. படத்துல கடைசியா குழாய் திறந்திருக்கு. அப்போ திறந்துதான் இருக்கு.”

“படத்துல தொறந்துகீது சார். ரோட்டுக்கடியில மூடிகீது.”

துளசிராமன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். அவர் கோபக்காரர் இல்லை. “பெரியவரே, நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா நான் நம்பறதை வச்சு ஃபைலை மாத்த முடியாது. தலைவரே கையெழுத்துப் போட்ட படம். உங்க மனு, ‘குழாய் அமைக்கப்பட்டது, மனுதாரர் சிரித்த முகத்துடன் காணப்படுகிறார்’னு முடிஞ்சுபோச்சு. இனிமே திறக்கணும்னா முதல்ல அது மூடியிருக்குன்னு ஆகணும். மூடியிருக்குன்னு ஆனா படம் பொய்னு ஆகும். வாரியத்தோட படம் பொய்னா, அப்புறம் ஜனங்க எப்படி ஊக்கம் அடைவாங்க?”

துலுக்காணத்துக்கு அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. மொத்தமாக என்ன என்பதுதான் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கங்கம்மாளிடம் அப்படியே சொன்னார்.

“அதாவது, படத்துல வடிஞ்சுபோச்சாம்.”

“அப்போ படத்துலயே போய் நெல்லு அறுத்துக்கினு வாய்யா” என்றாள் கங்கம்மாள்.

ஐப்பசி கடைசியில் ‘நூறாண்டு நகரம்’ ஊருக்கு ஊர் காட்டப்பட்டது. திருப்பாச்சூர்க்காரர்கள் அதைப் பார்த்து உண்மையாகவே ஊக்கம் அடைந்துவிட்டார்கள். அந்தக் குழாயை நேரில் பார்க்கவேண்டும் என்று வண்டி பிடித்து ஒரு கூட்டம் வந்தது. சாலை மேல் நின்று தெருவில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, நல்லேரிப்பாக்கத்துக்கு எப்படிப் போகவேண்டும் என்று துலுக்காணத்திடமே விசாரித்தார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, தெரியாது என்று சொல்லிவிட்டார்.

பிறகு நல்லேரிப்பாக்கத்துக்கே விளம்பர வேன் வந்தது. வேன் சாலை மேல் நின்றது. திரையைத் தெருவில் கழி நட்டுக் கட்டினார்கள். தண்ணீர் நிற்பதால் கொஞ்சம் உயர்த்திக் கட்டினார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர் ஜனங்கள் கட்டில்களைக் கொண்டுவந்து தண்ணீரில் போட்டு அவற்றின் மேல் ஏறி நின்றார்கள். துளசிராமன் வேன் மேலிருந்து மைக்கில் பேசினார்.

“பெரியோர்களே! ஒரு ஊருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுப்பது சுலபம். ஆனால் வாய்க்கால் தூர்ந்துபோகும். குழாய் உடைந்துபோகும். மரம் பட்டுப்போகும். படம் ஒன்றுதான் தூராது, உடையாது, பட்டுப்போகாது. ஆகவேதான் நீடித்து நிலைக்கும் வளர்ச்சியை நாங்கள் படத்திலேயே செய்துவிட்டோம். நூறு வருஷம் கழித்துப் போட்டுப் பார்த்தாலும் இந்த ஊரில் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும்!”

எல்லாரும் கை தட்டினார்கள். படம் ஓடியது. குழாயில் தண்ணீர் பாய்ந்தபோது, கட்டிலில் இடம் கிடைக்காமல் முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள். திரையில் துலுக்காணம் பனைமரத்தைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். கீழே கட்டில் மேல் நின்ற துலுக்காணத்துக்கு அந்த ஆளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அவன் வயலில் தண்ணீர் வடிந்துவிட்டது. அவனுக்கு நிஜார் பயம் கிடையாது.

சம்பா போயே போய்விட்டது. இனி இருந்தது நவரைப் பட்டம் ஒன்றுதான். கார்த்திகைக்குள் தண்ணீர் வடிந்தால் மார்கழியில் நாற்று விடலாம். வடியாவிட்டால் காக்கிக்கு அளவு கொடுக்கவேண்டியதுதான். கங்கம்மாள் நவரைக்கென்று விதைநெல் கொஞ்சம் ஒதுக்கி ஒரு சதுர பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். டின்னின் முன்பக்கம் துரு தின்று ஓட்டை விழுந்திருந்ததால், அதில் ஒரு சின்ன அலுமினிய டம்ளரைச் செருகி அடைத்திருந்தாள்.

கார்த்திகையில் மறுபடி கனமழை. இந்தத் தடவை தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஊர் ஜனங்கள் ஆடு, மாடு, கட்டில், பானை எல்லாவற்றோடும் சாலை மேல் ஏறிவிட்டார்கள். நல்லேரிப்பாக்கத்தில் ஈரமில்லாத இடம் அந்தச் சாலை ஒன்றுதான். நல்ல சாலை என்று முதலிலேயே சொல்லியிருக்கிறது. துலுக்காணம் மார்பளவுத் தண்ணீரில் இரண்டு தரம் போய்வந்தார். முதல் தரம் விதைநெல்லைக் கொண்டுவந்தார். இரண்டாம் தரம் முக்காலியைக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டிருக்கிறாரே!

“நம்ம கட்டில் மெதக்குது, நீ அவுங்க முக்காலியத் தூக்கினு வர்றியா?” என்று கங்கம்மாள் திட்டினாள். ஆனாலும் வந்த முக்காலியைச் சும்மா நிற்க விட அவளுக்கு மனம் வரவில்லை. விதைநெல் டின்னுக்கு ஆட்டுப் பயம் இருந்தது. டின்னை முக்காலி உச்சியில் வைத்துக் கயிற்றால் கட்டி, தூறல் படாமல் மேலே பழைய குடைத் துணியைப் போர்த்தினாள். டம்ளர் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் குப்பன் வந்து, காற்றில் பீடி பற்றாததால், அந்தக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத் தீக்குச்சி கிழித்தார்.

அந்தச் சமயத்தில்தான் சாலையில் ஒரு ஜீப் வந்தது. தொழிற்பேட்டையில் ஏதோ விழா. பின்னாலேயே ஒரு லாரியில் பந்தல்கால் நட ஆட்கள் கடப்பாறையோடு வந்துகொண்டிருந்தார்கள். ஜீப்பில் இருந்த துளசிராமன் முதலில் ஆடுமாடுகளைப் பார்த்தார், வண்டி நிற்கவில்லை. கட்டில்களைப் பார்த்தார், நிற்கவில்லை. கட்டிலில் படுத்திருந்த காய்ச்சல்காரர்களைப் பார்த்தார், ஹாரன் அடிக்கச் சொன்னார். அப்புறம் மூன்று காலும், கறுப்புத் துணியும், அதற்குள் தலையை விட்டிருந்த ஓர் ஆளும் கண்ணில் பட்டது. ஜீப் கிறீச்சிட்டு நின்றது.

இறங்கும்போதே அவர் தலை சீவிக்கொண்டுவிட்டார். முக்காலி இருந்த பக்கம் மறந்தும் திரும்பவில்லை. சுற்றறிக்கை எழுதியவரே அவர்தானே! தூரத்துப் பனைமரத்தைப் பார்த்தபடி, வாயைத் திறக்காமல் துலுக்காணத்திடம் கேட்டார்.

“எந்த ஆபீஸ் படம்? டெல்லியா?”

துலுக்காணம் விழித்தார். “சார், அது வந்து... அது நம்ம வெத...”

கங்கம்மாள் அவர் கையில் நறுக்கென்று கிள்ளினாள். துலுக்காணம் வாயை மூடிக்கொண்டார். டெல்லியேதான் என்று துளசிராமன் முடிவு செய்துகொண்டார். டெல்லிப் படத்தில் தாம் வெள்ளத்துக்கு நடுவே சும்மா நிற்பது எப்படித் தெரியும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். அடுத்த கணம் அவர் குரல் சாலைக்கு அந்தப் பக்கம் ஏரி வரைக்கும் கேட்டது.

“யாரங்கே! இந்தக் குழாயை அடைத்தது யார்? மக்கள் துன்பப்படுவதை ஒரு நிமிஷம்கூட இந்த வாரியம் பொறுத்துக்கொண்டிருக்காது! உடையுங்கள்!”

லாரியில் வந்த ஆட்கள் கடப்பாறையோடு ஏரிப் பக்கம் இறங்கினார்கள். முதலில் உடைந்தது பலகை. குழாய்க்குள் குனிந்து இடிக்க, ஐந்தாவது இடியில் ஒரு செங்கல் பெயர்ந்து கையளவு தண்ணீர் பீச்சியது. ஆட்கள் வெளியே தாவினார்கள். மிச்சத்தைத் தண்ணீரே இடித்துக்கொண்டது. நாலு மழையாகக் காத்திருந்த தண்ணீர் அது. ஏரிக்குள் மேய்ந்துகொண்டிருந்த நாலைந்து ஆடுகள் கத்திக்கொண்டு கரையேறின. ஊர் ஜனங்கள் கூவினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே துலுக்காணம் சிரித்துக்கொண்டிருந்தார், பனைமரத்தைப் பார்க்காமலே.

துளசிராமன் கைகளைத் தட்டித் தூசி போக்கிக்கொண்டார். “கேமராமேன், எப்படி வந்திருக்கு?” என்று ஆகாயத்தைப் பார்த்துக் கேட்டார்.

துணிக்குள் இருந்த குப்பனுக்கு மணவாளன் வழக்கமாகச் சொல்வது ஞாபகம் வந்துவிட்டது. “ஒன்ஸ் மோ...” என்று ஆரம்பித்தார். கங்கம்மாள் அவர் காலை மிதித்தாள். “ஓ.கே. சார்” என்று புகையோடு பதில் வந்தது.

துளசிராமன் திருப்தியாக ஜீப்பில் ஏறினார். ஏறியவர் எதையோ நினைத்துக்கொண்டு, பனைமரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“ஆக, பின்பு முடிஞ்சுது. நம்ம முறைப்படி அடுத்தது முன்பு எடுக்கணுமே. எப்போ? செங்கல், சிமெண்டு அனுப்ப நான் ஏற்பாடு பண்ணணும்.”

கங்கம்மாளுக்கே ஒன்றும் தோன்றவில்லை. துலுக்காணம் ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார். மனு கொடுக்கிற கையைக் கட்டிக்கொண்டார். வாழ்நாளில் முதல் தரமாக ஓர் அதிகாரியின் கேள்விக்கு அவருக்குச் சட்டென்று பதில் வந்தது.

“முன்பு வாணாம் சார். அத்த நாலு வருசமா எடுத்துக்கினு கீறோம். நேத்தோட முடிஞ்சுபோச்சு.”

“அப்படியா? வெரி குட். ஃபைல்ல எழுதிடறேன்” என்றார் துளசிராமன். ஜீப் போயிற்று.

கங்கம்மாள் குடைத் துணியை விலக்கி, டின்னை இறக்கித் திறந்து, உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். நெல் காய்ந்து சலசலவென்று இருந்தது. கீழே வயலின் வரப்பு ஒன்று தலைகாட்ட ஆரம்பித்திருந்தது.

“மார்கழி பொறந்ததும் நாத்து உட்டுடலாம். இன்னாய்யா, இத்தப் பாரேன்” என்றாள்.

துலுக்காணம் டின் பக்கம் திரும்பவில்லை. தூரத்துப் பனைமரத்தையே பார்த்துக்கொண்டு, “ஜீப்பு நெசமா போயிடுச்சா, பாரு” என்றார்.